அவரைத் தேடி வந்த வேலை

முதல் அழைப்பு வந்தபோது, யாரோ ஏமாற்றுக்காரர்கள் என்றுதான் என் கணவர் நினைத்தார். சனிக்கிழமை காலை. மலாக்காவில், குருபோங்கில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் ஒரு பெருநகரத்தின் பெயரைச் சொல்லி, அதன் பூங்கா, பொழுதுபோக்குத் துறைக்கு இயக்குநர் தேடுவதாகவும், அதுபற்றி அவரிடம் பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"வேற ஆளப் பாரும்மா. பேங்க் நம்பர்லாம் நான் குடுக்கமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன் அடித்தது. அவர் கை முழுக்க எண்ணெய். நான் எடுத்தேன்.

"அக்கா, தயவுசெஞ்சு வெச்சிடாதீங்கோ. நான் ஸ்கேம் இல்ல. உங்கட ஹஸ்பண்டோட அஞ்சு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான்."

பேச்சைக் கேட்டதுமே யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் என்று தெரிந்தது. கோலாலம்பூரில், பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். வேலை இருந்த அந்தப் பெருநகரத்தில் வழக்கமாக உள்ளேயே இருக்கும் அதிகாரி ஒருவரைத்தான் இயக்குநராக உயர்த்துவார்களாம். இந்த முறை வெளியாட்களையும் ஒப்பந்தத்தில் எடுக்கலாம் என்று முடிவாகி, ஆள் தேடும் வேலை இவளிடம் வந்திருந்தது. மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடமும், ஓய்வுபெற்ற பொறியாளர்களிடமும் விசாரித்திருக்கிறாள். பூங்கா வேலையில் நீங்கள் மதிக்கிற ஆள் யார் என்று கேட்டபோது, மூன்று பேர் என் கணவரின் பெயரைச் சொன்னார்களாம்.

நான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ம்", "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பேசி முடித்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ என்னையத் தேடியிருக்காங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு காலம் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் பிறந்தது புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர், அம்மா மருந்து தெளித்தவர். தோட்டம் கைமாறியபோது குடும்பத்தை ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்கு மாற்றினார்கள். வாழ்நாள் முழுவதும் வெளியில் நின்று வேலை பார்த்த அவருடைய அம்மாவுக்கு, அந்த நான்காவது மாடி வீட்டுக்குள் மூச்சு முட்டியது. கீழே இறங்கி வந்தால் உட்கார ஓர் இடம் கிடையாது. மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பார். யாராவது ஏறி இறங்கும்போதெல்லாம் எழுந்து வழிவிட வேண்டும். செர்டாங் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு வந்த மகன், செம்பனைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மலாக்காவில் ஒரு சிறிய ஊராட்சியின் பூங்காப் பிரிவில் சேர்ந்ததற்கு அந்தப் படிக்கட்டுதான் காரணம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

பிரிவின் பொறுப்பாளராகி அதிலேயே நின்றுவிட்டார். மேலே எந்தப் பதவிக்கும் அவர் விண்ணப்பித்ததே இல்லை. நான் தூண்டினால், "நம்ம தமிழாளுங்களுக்கு எங்க குடுக்கப்போறாங்க, விடு" என்பார். கசப்பாகச் சொல்லமாட்டார். இன்று மழை வரும் என்பதைப்போலச் சொல்வார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் காரை ஓட்டிக்கொண்டு மலாக்காவுக்கே வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஹோட்டலில் உட்கார்ந்து பேச வேண்டாம், நீங்கள் செய்த இடம் ஒன்றைக் காட்டுங்கள் என்றாள். அவர் எங்கள் இருவரையும் கோலா சுங்கை பாருவுக்குக் கூட்டிப்போனார். கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சின்னத் திடல். எனக்கு அது ஒரு சாதாரண இடம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத்தான் நானே பார்த்தேன். பெஞ்சுகளுக்கெல்லாம் சாய்மானம் இருந்தது, கைப்பிடியும் இருந்தது. கைப்பிடி எதற்கு என்று கேட்டாள்.

"வயசானவங்க ஒக்காந்துடுவாங்கம்மா. எந்திரிக்கத்தான் கஷ்டம். கைய ஊனி எந்திரிக்க ஏதாச்சும் வேணும்ல."

குழாய் ஒன்று முழங்கால் உயரத்தில் இருந்தது. மீன்பிடித்துவிட்டு வருபவர்கள் கால் கழுவுவதற்காம். கழிப்பறைக்குப் பூட்டு கிடையாது. அந்தப் பூட்டை எடுக்க வைப்பதற்கு எத்தனை கூட்டங்களில் பேச வேண்டியிருந்தது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பெண் காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "அண்ணே, அங்க ஸ்விமிங் பூல் இருக்கு, ஸ்டேடியம் இருக்கு, நூத்துக்கணக்குல வேலையாள் இருக்கு. பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா அங்கயும் படிக்கட்டுல ஒக்காந்திருக்கிறவங்க இருப்பாங்கல்ல" என்றார்.

அவளுக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

அவள் தயாரித்த பெயர்ப்பட்டியலிலிருந்து அவர் கடைசிச் சுற்றுக்குப் போய்விட்டார். மொத்தம் மூன்று பேர். நேர்முகத் தேர்வுக்கு முன் வீட்டில் சாப்பாட்டு மேசையை வைத்துப் பயிற்சி நடந்தது. நான்தான் தேர்வுக் குழு. குருபோங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நான் சம்பளப் பிரிவில் இருந்தேன். எங்கள் மேலாளர் எப்படிக் கேள்வி கேட்பாரோ அதே மாதிரி மலாயில் மிடுக்காகக் கேட்பேன். அவரும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வந்து உட்காருவார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சில நாள் வீடியோ அழைப்பில் சேர்ந்துகொள்வாள். அந்த நாள்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். எனக்கும் ஆசை இருந்தது. அந்த நகரத்தில் எங்கே வீடு பார்க்கலாம், நான் வேலையை விடலாமா என்றெல்லாம் பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டே போவேன்.

ஒருநாள், பூங்காக்களைப் பராமரிக்கும் செலவை எப்படிக் குறைப்பீர்கள் என்று கேட்டேன். பேச ஆரம்பித்தவர் நடுவில் நின்றார். பராமரிப்பு என்பதற்கான மலாய்ச் சொல் வரவில்லை. தினமும் பத்து தடவை ஆபீசில் சொல்கிற சொல்.

"தமிழ்லயே சொல்லுங்க, பரவால்ல" என்றேன்.

தமிழிலும் வரவில்லை. கையை மேசையில் இப்படியும் அப்படியும் துடைத்துக் காட்டினார். "அதான்... பாத்துக்கிறது. எப்பவும் பாத்துக்கிறது."

பதற்றம் என்று நினைத்தேன். பால் சேர்க்காமல் தே ஓ போட்டுக் கொடுத்தேன். இன்னொரு நாள், மகள் கேட்ட கேள்விக்குக் கோலா சுங்கை பாரு கழிப்பறைப் பூட்டின் கதையைச் சொன்னார். அவள் சிரித்தாள். அடுத்த கேள்விக்கும் அதே கதையைத் தொடக்கத்திலிருந்து, அதே இடத்தில் அதே சிரிப்போடு சொன்னார்.

"அப்பா, இதான இப்பச் சொன்னீங்க" என்றாள் மகள்.

"சொன்னேனா? சரி சரி. நல்ல கதைலா, ரெண்டு தடவ கேளு."

மூன்று பேரும் சிரித்தோம். அழைப்பை வைப்பதற்கு முன் மகள் திரையில் என் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேர்வு நாளன்று நானும் கூடப் போனேன். அறைக்குள் கேள்வி கேட்பதற்கு முன், மூவரையும் ஒரு பெரிய பூங்காவுக்குள் குழுவோடு நடக்கவிட்டுப் பேச வைத்தார்கள். நான் பூங்காக் கடையில் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் கிட்டத்தட்ட ஓடிவந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, அண்ணன் என்ன செஞ்சார் தெரியுமா? பிள்ளைங்கள வண்டியில வெச்சுத் தள்ளிக்கொண்டு ரெண்டு அம்மாமார் ரோட்டோரமா போயிருக்கினம். எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்கோ. இவர் நின்று அவங்களிட்டயே போய்க் கேட்டார், ஏன் பாதையில வரலன்னு. மோட்டார் சைக்கிள் நுழையாம இருக்க வாசல்ல கம்பி போட்டிருக்கு, பிள்ளை வண்டியும் நுழையலயாம். குழுத் தலைவர் அந்த இடத்திலயே ஆளக் கூப்பிட்டு எழுதச் சொல்லிட்டார்."

அறைக்குள் நடந்த தேர்வும் நன்றாகவே போயிற்றாம். மரங்களும் மனிதர்களும் எதிரே இருந்ததால், காலையில் நடந்தபோது அவருக்கு எந்தச் சொல்லும் தப்பவில்லை என்று பிறகு யோசித்தபோது எனக்குத் தோன்றியது. அந்தச் சூட்டோடு அறைக்குள்ளும் போய்ப் பேசிவிட்டார்.

திரும்பும்போது அவர்தான் காரை ஓட்டினார். நெடுஞ்சாலையில் பாட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்தோம். சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும், வழக்கமாகக் குருபோங்குக்குத் திரும்பும் இடத்தில் அவர் திரும்பவில்லை. ஏதோ சாப்பிடப் போகிறார் என்று நினைத்து நானும் கேட்கவில்லை. அலோர் காஜாவும் தாண்டியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புலாவ் செபாங் ரயில் நிலையத்தைக் கடந்து, ஒரு செம்பனைத் தோட்டத்தின் மண்பாதையில் காரைத் திருப்பினார். தடுப்புக் கம்பிக்குப் பின்னால் இருந்து காவலாளி ஒருவர் எழுந்து வந்தார். வங்காளதேசத்து இளைஞர். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"வீட்டுக்கு" என்றார் என் கணவர், மலாயிலேயே.

இங்கே வீடு எதுவும் இல்லை, தோட்டம் மட்டும்தான் என்றார் காவலாளி.

அவர் கண்ணாடி வழியாக எதிரே வரிசை வரிசையாக நின்ற செம்பனைகளைப் பார்த்தார். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தார். நான் அவர் தோளைத் தொட்டேன்.

"என்னாங்க, நம்ம வீடு குருபோங்ல."

"தெரியும்" என்றார். சட்டென்று சொன்னார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். "தெரியும்மா. இது மட்டும் இல்ல. கொஞ்ச நாளாவே எனக்குத் தெரியும். ஆபீஸ்ல கூட இருக்கிறவன் பேரு வரமாட்டேங்குது. கூட்டத்துல என்ன பேசினோம்னு அடுத்தநாள் ஒன்னுமே இருக்கமாட்டேங்குது. டென்ஷன்னு நெனச்சேன். இந்த வேலைக்குப் போனா சரியாயிடும்னு நெனச்சேன்."

அவர் இறங்கி இந்தப் பக்கம் வந்தார். நான் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினேன். காவலாளி தண்ணீர் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். என் கணவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னார். நான் காரைத் திருப்பினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் எடுத்தார்கள். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி, மிகவும் பொறுமையானவர். பேச்சின் தொடக்கத்தில் சில பொருள்களின் பெயர்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேலையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, அந்தப் பெயர்கள் என்ன என்று கேட்டார். என் கணவர் மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. வீட்டுக்கு வந்தவர் யார் என்று அடையாளம் தெரியாதபோது சிரிக்கிற சிரிப்பு. மறதி நோய், அதுவும் வயதுக்கு முன்பே வந்தது என்றார் மருத்துவர். மாத்திரைகள் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒருமாதிரி என்றார்.

அந்த வாரத்திலேயே அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"அண்ணே! உங்களத்தான் எடுத்திருக்கினம். ஒருத்தரும் மறுப்புச் சொல்லல. எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்கோ!"

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவர் நன்றி சொன்னார். யோசித்துச் சொல்ல ஒருநாள் வேண்டும் என்று கேட்டார். போனை வைத்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோதும், அன்றும்தான்.

மகள் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டாள். "ஏத்துக்குங்கப்பா. இப்பத்தான ஆரம்பம்? டாக்டரே சொன்னாங்கள்ல, கொஞ்ச காலம் நல்லாத்தான் இருக்கும்னு. யாருக்கும் சொல்ல வேணாம்லா. ரெண்டு வருஷம் பாத்துட்டு விட்டுடுங்க. உங்களுக்கு இது கெடைக்கணும்ப்பா."

நானும் அதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டும் சொன்னேன். "கூட நான் இருக்கேன்ல. வீட்டுல எல்லாத்தயும் நான் ஞாபகப்படுத்துறேன்."

"ஆபீஸ்ல?" என்று கேட்டார் அவர்.

நான் மகளைப் பார்த்தேன்.

"ஒரு மரம் பட்டுப்போச்சு, வெட்டணும்னு ஒருத்தன் வந்து சொல்றான். சரின்னு சொல்லிட்டு நான் மறந்துட்டேன். அடுத்த வாரம் மழையில விழுது. அடியில யாராச்சும் நின்னா?" அவர் சத்தமாகப் பேசவில்லை. மகளைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். "பூல்ல தண்ணி சரியில்லன்னு சொல்றான். அதயும் மறந்துட்டேன். சின்னப் பிள்ளைங்க குளிக்கிற எடம்மா அது."

மகள் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவரே போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. அந்தப் பெண் அதை ஏற்கவில்லை. இரண்டு நாளில் மறுபடியும் காரை எடுத்துக்கொண்டு நேரே குருபோங்குக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே கொஞ்சம் கோபமாகப் பேசினாள். சம்பளம் போதாதா, இடமாற்றம் பிரச்சினையா, எதுவாக இருந்தாலும் பேசித் தீர்க்கலாம், ஆறு மாதம் தேடிக் கண்டுபிடித்த ஆள் நீங்கள் என்றாள்.

"உள்ள வாம்மா. பசியாறிட்டியா?" என்று கேட்டார் அவர்.

நான் தோசை சுட்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி, மருத்துவர், புலாவ் செபாங் தோட்டத்து வாசல், எல்லாம். அவள் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன் பெரியப்பாவுக்கும் இதுதான் வந்தது என்றாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் அழுகிறாளே என்று அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு நானும் அழுதேன்.

போகும்போது அவள் கேட்டாள். "அண்ணே, அப்ப ஆர எடுக்கச் சொல்றது? மற்ற ரெண்டு பேரையும் நீங்களும் பாத்தீங்கதானே?"

அவர் யோசிக்கவே இல்லை. "அந்த மலாய்க்காரம்மா. எல்லாரும் குழுவோட பேசிக்கிட்டு நடந்தாங்க. அவங்க மட்டும் தோட்டக்காரங்க ஒக்காந்திருந்த கொட்டாய்க்குள்ள போயி, எங்க சாப்பிடுவீங்க, மழ வந்தா எங்க ஒதுங்குவீங்கன்னு கேட்டாங்க. நான் பாத்தேன். அவங்க பேரு வரலம்மா எனக்கு. ஆனா அவங்களத்தான் எடுக்கணும்."

அவரையே எடுத்தார்கள். அவர் பதவியேற்றதும், யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், என் கணவருக்குப் போன் செய்து பேசினார். ஒருநாள் வந்து பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று அழைத்தார். நாங்கள் போய்வர ஓர் ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அதற்குள் இவர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிவிட்டார். நானும் தொழிற்சாலையை விட்டுவிட்டேன்.

அந்த அம்மையார் வாசலுக்கே வந்து எங்களை அழைத்துப்போனார். கம்பியை எடுத்துவிட்டு, பிள்ளை வண்டியும் சக்கர நாற்காலியும் நுழையும்படி வளைவான வேறு வழி வைத்திருந்தார்கள். இது உங்கள் யோசனைதான் என்று அவர் மலாயில் சொன்னபோது, என் கணவர் அதே மரியாதைச் சிரிப்பைச் சிரித்தார். இந்த இடத்துக்கு முன்பு வந்ததே அவருக்கு நினைவில் இல்லை. ஆனால் சுற்றி நடந்தபோது ஓரிடத்தில் நின்று, இந்தப் பெஞ்சுக்குக் காலையில் வெயில் நேராக அடிக்கும், அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கள் என்றார். அந்த அம்மையார் தலையசைத்தார். விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இப்போது நாங்கள் எங்கும் அதிகம் போவதில்லை. காலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் விளையாட்டுத் திடல் வரைக்கும் நடப்போம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் தனியாக வெளியே வந்தால் யாராவது ஒருவர் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்துவிடுவார்கள். சில நாள் என் பெயர் வருகிறது. சில நாள் "இந்தாம்மா" என்று மட்டும் கூப்பிடுகிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

"எனக்கு ஒரு பெரிய வேல வந்துச்சுல்ல?"

"ஆமாங்க. வந்துச்சு."

"பூங்கா வேலதான?"

"ஆமா. டைரக்டர் வேல. அவங்களாவே தேடி வந்து குடுத்தாங்க."

அவர் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"நான் ஏன் போகல?"

அவருக்கு ஆஸ்பத்திரி நினைவில்லை. நோயின் பெயர் நினைவில்லை. அதைச் சொன்னால் இன்று முதன்முதலாகக் கேட்பதைப்போலத்தான் கேட்பார். முன்பு இரண்டு முறை அப்படிச் சொல்லி, அவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

"எனக்குத்தாங்க இங்க இருந்து வர இஷ்டமில்ல" என்றேன். "எனக்காக வேணாம்னு சொல்லிட்டீங்க."

"அப்படியா?" என்றார். என் கையில் இருந்த சட்டையின் ஒரு முனையைப் பிடித்து, மடிக்க உதவி செய்தார். "சரி, பரவால்ல. அதுக்குப் போயி நீ மனச போட்டுக் கொழப்பிக்காத."